எல்.எஸ்.எஸ். தமிழ் வழிப் பயிற்சி நூல்: வகுக்கத் தெரியும், ‘ஹரிக்க’த் தெரியாது

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் தமிழ் வழி எல்.பி. (தொடக்கப்) பள்ளியொன்றின் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழக) உறுப்பினர் என்ற முறையில், சென்ற ஜூலையில் எங்கள் 4-ஆம் வகுப்புக் குழந்தைகள் 13 பேருக்கும் ஒரே பயிற்சி நூலை மொத்தமாக வாங்கினோம். பிரதி 240 ரூபாய். பதிப்பகத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை; மலையாள வழி நூலைத் தமிழாக்கி விற்கும் வேறு நூல்களைப் புரட்டுகிறவர்களுக்கும் கீழே சொல்வது பயன்படக்கூடும்.

எல்.எஸ்.எஸ். என்பது கேரளத்தில் 4-ஆம் வகுப்புக் குழந்தைகள் எழுதும் உதவித்தொகைத் தேர்வு. அது இரண்டு தாள்களைக் கொண்டது. தாளுக்கு 40 மதிப்பெண் வீதம் மொத்தம் 80; அதில் 60 விழுக்காடு, அதாவது 48 எடுத்தால் உதவித்தொகை. ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் என்பது இன்றைக்குப் பெரிய தொகை அன்று. ஆனால் வென்ற குழந்தையின் படம் போட்டுப் பள்ளி வாசலில் கட்டும் ஃபிளெக்ஸ் போர்டுக்கு, ஆங்கில வழிப் பள்ளியின் வேன் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும் இந்தக் காலத்தில், தனி மதிப்பு உண்டு. எத்தனை எல்.எஸ்.எஸ். என்று கேட்ட பிறகுதான் பலர் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று முடிவெடுக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நாங்களும் இந்த நூலை வாங்கினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நூலின் தாளும் அச்சும் நன்றாக இருக்கின்றன. எழுத்து பெரியது, விடை எழுதப் போதிய இடம் விட்டிருக்கிறார்கள். பழைய வினாத்தாள்களைத் தமிழில் ஆண்டுவாரியாகத் தொகுத்திருக்கும் பின்பகுதிதான் இதன் உயிர். அவை தேர்வுக்கு வந்த அசல் வினாக்கள் என்பதால் நடையும் நேராக இருக்கிறது. பொது அறிவுப் பகுதியும் மோசமில்லை. சைலண்ட் வேலி, 1956 நவம்பர் 1, மாநில மரம் என்று எதிர்பார்க்கக்கூடியவை எல்லாம் இருக்கின்றன. மாநிலப் பறவைக்கு ‘வேழாம்பல்’ என்று மட்டும் போட்டுவிட்டு இருவாச்சி என்ற நம் பெயரைத் தராமல் விட்டதை ஒரு சிறு குறையாகச் சொல்லலாம். ‘சோகநாசினி என்பது எந்த ஆற்றின் பெயர்?’ என்ற வினாவுக்கு, அந்தப் பெயருக்குரிய சிற்றூர்ப்புழையில் குளித்து வளர்ந்த பிள்ளைகளே விழித்தது தனிக்கதை. அதற்கு நூலைக் குறை சொல்ல முடியாது.

சிக்கல் நூலின் முக்கால் பங்கை அடைத்திருக்கும் மாதிரித் தேர்வுகளில் இருக்கிறது. முதல் கணக்குத் தேர்வில் ஐந்தாம் வினா இப்படி இருந்தது: ‘365-ஐ 8-ஆல் ஹரிக்கும்போது கிடைக்கும் சிஷ்டம் எது?’ பதின்மூன்று பேரில் நால்வர் மட்டுமே விடை எழுதினார்கள். சிஷ்டம் என்றால் கம்ப்யூட்டரா டீச்சர் என்று ஒரு பையன் கேட்டான். ஹரிக்க, சிஷ்டம் இரண்டும் மலையாளச் சொற்கள். மறுநாள் டீச்சர் அதே கணக்கை, ‘365-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி எவ்வளவு?’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார். பத்துப் பேர் 5 என்று சரியாக எழுதினார்கள். முதல் நாள் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்த ஒரு சிறுமி, மாலை வேளைகளில் பாட்டியின் பெட்டிக்கடையில் சில்லறை எண்ணிக் கொடுப்பவள். அவளுக்கு வகுத்தல் தெரியாது என்று அன்றைய மதிப்பெண் சொல்லியிருந்தது.

நாள்காட்டிக் கணக்கொன்றில், வெள்ளிக்கிழமை மாலை அடைத்த பள்ளி ‘10 நாள் அவதி கழிந்து’ எந்தக் கிழமை திறக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை. தமிழில் அது படுகிறவருக்குத்தான் தெரியும். எல்லையோரப் பிள்ளைகள் இரண்டு மொழியும் கேட்டு வளர்வதால் இதைச் சிரித்துக்கொண்டே கடந்துவிட்டார்கள். ஆனால் விடைப் பக்கத்தில் திங்கள் என்று அச்சாகியிருக்கிறது. சனிக்கிழமையில் தொடங்கும் பத்தாவது நாள்தான் திங்கள். பள்ளி திறப்பது செவ்வாய். சரியாகச் செவ்வாய் என்று எழுதிய பிள்ளைக்கு வீட்டில் அப்பா சிவப்பு மையில் தப்பு போட்டு அனுப்பியிருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

நூலின் தமிழ் முழுவதும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. சுற்றளவு, பரப்பளவு போல இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்கள் வரும் வினாக்களில் தடையே இல்லை. குழந்தைகளின் மதிப்பெண்ணும் அங்கே சட்டென்று ஏறுகிறது. ஏற்றமும் இறக்கமும் பாடத்தைப் பொறுத்து வராமல் சொல்லைப் பொறுத்து வருவதைக் கவனித்த பிறகுதான், இந்தத் தேர்வுகளின் மதிப்பெண்ணைப் பதிவேட்டில் எழுதுவதை டீச்சர் நிறுத்தினார். 2024 டிசம்பர் 4 அன்று நாடெங்கும் 3, 6, 9-ஆம் வகுப்புகளில் நடந்த பரக் என்ற தேசியக் கற்றல் ஆய்வு போன்றவற்றில் ஒரு வினா பிசகினாலும் எந்தக் குழந்தையின் பெயரும் கெடுவதில்லை, ஏனென்றால் அங்கே தனித்தனி மதிப்பெண் அறிவிப்பதில்லை. எல்.எஸ்.எஸ்.-இல் 47 வாங்கிய பிள்ளை வீட்டுக்கு வந்து அழும்.

இன்னொன்றையும் வாங்குமுன் பார்க்க வேண்டும். கேரளத்தில் 2, 4, 6, 8, 10-ஆம் வகுப்புகளின் பாடநூல்கள் 2025-இல் மாறின. இந்த நூலின் அட்டையில் ‘புதிய பாடத்திட்டம்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. உள்ளே சுற்றுச்சூழல் பகுதியைப் புரட்டினால் பழைய பாடங்கள் அதே வரிசையில் வருகின்றன. கடையில் நின்று பொருளடக்கத்தைக் குழந்தையின் பாடநூலோடு ஒப்பிட இரண்டு நிமிடம் போதும். நாங்கள் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிடவில்லை.

தவறுகளைப் பட்டியலிட்டுப் பதிப்பகத்துக்கு ஆகஸ்டில் கடிதம் அனுப்பினோம், பதில் வரவில்லை. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார். வினாத்தாள் தொகுப்புக்காக மட்டும் பள்ளிக்கு ஒரு பிரதி வாங்குவதில் தவறில்லை, அதற்கு 240 ரூபாய் தகும். பிள்ளைக்கு ஒன்று என்று வாங்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கணக்குப் பகுதியை டீச்சர் அருகில் இருக்கும்போது மட்டும் திறக்கவும். விடைப் பக்கங்களைக் கிழித்து வைத்துவிடுவது இன்னும் நல்லது.