மினிமோக் மாடல் டி: ஒரே குரல், மூன்று ஆஸிலேட்டர்

1970இல் அறிமுகமாகி 1981 வரை தயாரிக்கப்பட்ட மினிமோக் மாடல் டி சிந்தசைசரின் (மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் இசைக்கருவி) 2022ஆம் ஆண்டு மறுவெளியீட்டைக் கடந்த சில மாதங்களாக நாள்தோறும் வாசித்துவருகிறேன். ஒரு நேரத்தில் ஒரு சுரத்துக்கு மேல் இசைக்காத, அமைத்த ஒலியைச் சேமித்து வைக்கவும் தெரியாத கருவி இது. கணினியிலேயே எண்ணற்ற குரல்கள் (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) கிடைக்கும் காலத்தில் இதை ஏன் நாட வேண்டும் என்பதற்கான விடையில் பாதி இதன் ஒலியிலும் மறுபாதி இதன் முகப்புப் பலகையிலும் இருக்கிறது. (பெயரை 'மூக்' என்று படிப்பவர்களே அதிகம், அந்தப் பெயருக்கு உரியவரான ராபர்ட் மோக் தம் பெயரை 'மோக்' என்றே உச்சரித்தார்.)

1960களில் மோக் செய்த மாடுலர் சிந்தசைசர்கள் அலமாரி அளவினவை. ஒலியை எழுப்பும் பகுதி, வடிகட்டும் பகுதி, கூட்டிக் குறைக்கும் பகுதி என எல்லாம் தனித்தனியாக நிற்க, வாசிப்பவரே அவற்றைக் கம்பிகளால் இணைத்தால்தான் சத்தமே வரும். 1968இல் ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் இசையை அதில் வாசித்து வெளியிட்ட அமெரிக்க இசைக் கலைஞர் வெண்டி கார்லோஸ், ஒவ்வொரு வரியையும் தனித்தனியே பதிவுசெய்து ஒலிநாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டியிருந்தது. ஸ்டுடியோவில் பொறுமைசாலிக்கு அது சரி. இரண்டு பாட்டுக்கு நடுவே ஒரு நிமிடம்கூடக் கிடைக்காத மேடையில் அது நடக்கிற காரியமல்ல. மோக்கின் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் பில் ஹெம்சாத், கிடந்த உதிரிகளை வைத்துச் செய்த மாதிரியிலிருந்து மினிமோக் பிறந்தது. கம்பி இணைப்புகள் உள்ளேயே நிலையாக அமைந்தன. ஒலி செல்லும் பாதை ஒன்றே ஒன்றானது. ராக்கில் ரிக் வேக்மன், ஃபங்கில் பெர்னி வொரல், மின்னணு பாப்பில் கிராஃப்ட்வெர்க் என ஒன்றோடொன்று ஒட்டாத உலகங்களுக்குள் ஒரே கருவி நுழைந்ததற்கு இந்தக் குறைப்பே காரணம் என்று கருதுகிறேன்.

பலகையை இடமிருந்து வலமாக ஒரு வாக்கியம் போலப் படிக்கலாம்: முதலில் கட்டுப்பாடுகள், அடுத்து ஒலியை எழுப்பும் மூன்று ஆஸிலேட்டர்கள், பிறகு அவற்றைக் கலக்கும் மிக்சர், அதன்பின் ஒலியை வடிகட்டும் ஃபில்டர், கடைசியில் ஒலியளவு. ஒவ்வொரு குமிழுக்கும் ஒரே வேலைதான். திரையுமில்லை, மறைந்திருக்கும் பட்டியலுமில்லை. இரண்டாம் ஆஸிலேட்டரை முதலாவதோடு சுருதி சேர்க்கும்போது இரண்டுக்கும் இடையிலான அலைவு வேகமாகத் துடித்து, மெல்ல மெல்லத் தளர்ந்து, நிற்கப்போகும் தறுவாயில் கையை எடுத்துவிட வேண்டும். முழுவதும் நின்றுவிட்டால் ஒலி தட்டையாகிவிடும். அந்த மயிரிழை விலகலில்தான் பேஸ் (தாழ்ந்த சுரங்களின் ஒலி) தடிக்கிறது.

ஃபில்டர்தான் இதன் உயிர். டிரான்சிஸ்டர் இணைகள் ஏணிப்படிகளாக அடுக்கப்பட்ட இந்தச் சுற்று, வெட்டு அதிர்வெண்ணுக்கு (குமிழால் வைக்கும் எல்லைக்கு) மேலிருப்பவற்றை ஒரு ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபல் வீதம் மழுக்குகிறது. குமிழைத் திருகத் திருக ஒலி வாயைத் திறந்து மூடுவது போல் இருக்கும். அந்த எல்லையருகே ஒலிக்கு அழுத்தம் தரும் 'எம்பசிஸ்' குமிழைக் கூட்டினால் அடிக்கனம் குறையும் என்பதையும் சொல்லியாக வேண்டும்; இது ஏணிச் சுற்றின் பிறவிக் குணம், பழகிக்கொள்ளலாம்.

விசைப்பலகையில் 44 கட்டைகள். பியானோ பழகிய கைக்கு முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். மூலக் கருவியின் மரபுப்படி தாழ்ந்த கட்டைக்கே முன்னுரிமை: கீழே ஒரு விரலை எடுக்க மறந்தால் மேலே தட்டும் சுரம் கேட்கவே கேட்காது. எல்லா விரல்களையும் எடுத்தால்தான் ஒலியின் தொடக்க வீச்சு மறுபடி நிகழும். எடுக்காமல் வாசித்தால் சுரங்கள் ஒரே மூச்சில் வழுக்கிச் செல்லும். விரலை எங்கே எடுப்பது, எங்கே எடுக்காமல் விடுவது என்ற இந்தக் கணக்குதான் அந்தக் காலத்துத் தனி வாசிப்புகளின் நடையை வகுத்தது என்பது வாசித்துப் பார்த்தபின்தான் எனக்குப் புரிந்தது.

1978இல் வந்த புராஃபெட்-5 சிந்தசைசர் ஐந்து குரல்களையும் ஒலிகளைச் சேமிக்கும் வசதியையும் கொண்டுவந்தது. 1983இல் யமாஹாவின் டிஜிட்டல் சிந்தசைசரான டிஎக்ஸ்7 வந்தபின், பல கலைஞர்கள் மினிமோக் போன்ற அனலாக் கருவிகளை ஓரங்கட்டினார்கள். அன்று எழுந்த குறைகள் இன்றும் அப்படியே நிற்கின்றன. பிடித்த ஒலி அமைந்தால் பலகையைப் படமெடுத்து வைக்கிறேன். மறுநாள் அதே நிலையில் குமிழ்களை வைத்தாலும் அது அச்சொட்டாகத் திரும்புவதில்லை. வெப்பத்துக்கேற்பச் சுருதி நகர்வது அனலாக் சுற்றுகளின் இயல்பு என்பதால், கருவியைப் போட்டு அரை மணி நேரம் கழித்தே சுருதி பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அதற்கென்றே 440 ஹெர்ட்ஸ் ஒலிக்கும் ஒரு விசை பலகையில் உண்டு. அதை அணைக்க மறந்து ஒரு முழுப் பதிவையும் நானே பாழாக்கியிருக்கிறேன்.

மறுவெளியீட்டின் சேர்க்கைகளில் தனி எல்எஃப்ஓ (ஒலியை மெதுவாக அசைத்து அதிர்வு தரும் ஆஸிலேட்டர்) மிகப் பயனுள்ளது. மூலக் கருவியில் அதிர்வு வேண்டுமென்றால் பெரும்பாலும் மூன்றாம் ஆஸிலேட்டரைப் பலிகொடுக்க வேண்டும். இங்கே மூன்றையும் வைத்துக்கொண்டே அதிர்வையும் பெறலாம். இசைக்கருவிகளையும் கணினியையும் இணைக்கும் மிடி இணைப்பும் உண்டு, அதன்வழி சுரங்களை அனுப்பலாம், பெறலாம். ஆனால் குமிழ்களின் நிலையைக் கணினியில் பதிய முடியாது.

பேஸும் தனி வாசிப்பும் தேவைப்படுவோருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கார்டுகள் வாசிப்பவர்கள், ஒரே நிகழ்ச்சியில் இருபது வகை ஒலிகளை மாற்ற வேண்டியவர்கள் வேறு கருவியைப் பார்ப்பது நல்லது. முடிவெடுக்க முடியாதவர்கள் ஒரு மணி நேரம் இதன் முன் உட்கார்ந்து, ஒரே ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்தபடி ஃபில்டரை மட்டும் திருகிப் பார்க்கட்டும்.