நிலத்தடி ரயில் நிலையம்: தெருப் பெயரா, அடையாளப் பெயரா?

நிலையத்துக்குத் தெரு அல்லது பகுதியின் பெயரை வைப்பதா, பக்கத்து மைதானம், மருத்துவமனை போன்ற அடையாளத்தின் பெயரை வைப்பதா?

வழி கண்டுபிடிக்க: உள்ளூர்க்காரருக்குத் தெருப் பெயர் போதும். முதல்முறை வருபவருக்கு அடையாளப் பெயர்தான் கைகொடுக்கும்.

நீடிப்பு: தெரு அங்கேயே இருக்கும், அடையாளம் இடம் மாறலாம். லண்டனில் 1906-இல் திறந்த கில்லெஸ்பி ரோடு நிலையம், பக்கத்தில் இருந்த ஆர்செனல் கால்பந்துக் குழுவின் மைதானத்தால் 1932-இல் ஆர்செனல் நிலையம் ஆனது. 2006-இல் குழு புது மைதானத்துக்குப் போனது. நல்லவேளை, அதுவும் நடக்கும் தூரம்தான். நடைமேடைச் சுவர் ஓடுகளில் பழைய பெயரை இன்றும் படிக்கலாம்.

செலவு: பெயர் மாறினால் பலகை, வரைபடம், அறிவிப்பு எல்லாமே மாறணும். இதில் தெருப் பெயர் பாதுகாப்பு.

வாசல்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நகரும் படிக்கட்டு பொதுவாக 30 டிகிரி சரிவு. 20 மீட்டர் ஆழம் இறங்க, பக்கவாட்டில் சுமார் 35 மீட்டர் வேண்டும். நடைமேடையே பல இடங்களில் 100 மீட்டருக்கு மேல் நீளம். அப்புறம், மேலே காலி நிலம் கிடைத்த இடத்தில்தான் வாசல் வைக்க முடியும். இரண்டு முனை வாசல்களும் வெவ்வேறு தெருக்களில் முளைப்பது இதனால்தான். பெரிய பையோடு தப்பான வாசலில் ஏறிவிட்டு, சாலையைக் கடக்க முடியாமல் நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

பல வாசல் உள்ள நிலையத்துக்குப் பகுதிப் பெயர் சரி. அடையாளப் பெயரை அந்தந்த வாசல் பலகையில் போடலாம். ஒரே வாசல், எதிரிலேயே மருத்துவமனை என்றால் தயங்காமல் அதன் பெயரையே வைக்கலாம்.