ஃபர்னஸ் அடிக்கடி நிற்கிறது என்று ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

வீட்டைச் சூடாக்க எண்ணெயில் எரியும் ஃபர்னஸ் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு மெக்கானிக், பாதுகாப்புக் கண்ட்ரோலை மாற்றிவிட்டதாகப் பணம் வாங்கிக்கொண்டு மாற்றாமலே போயிருக்கிறார். அது கூடப் பரவாயில்லை, பணம்தான் போனது. ஃபர்னஸ் அளவுக்கு மீறிச் சூடானால் தானாக நிறுத்துகிற இன்னொரு ஸ்விட்ச் இருக்கிறது, அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதாவது எவ்வளவு சூடானாலும் இனி நிற்காது. அந்த ஃபர்னஸுக்கு மேலே இருக்கிற அறைகளில் இரண்டு குழந்தைகளும் அத்தையும் நாங்களும் 11 நாள் தூங்கியிருக்கிறோம்.

முதல் நாள் நடந்ததிலிருந்து சொல்கிறேன். இரவு இரண்டு மணி இருக்கும், அத்தைதான் எழுப்பினார். "ஏம்மா, சூடே வரலையே, உனக்குக் குளிரலையா?" என் கணவருக்கு அன்று இரவு ஷிஃப்ட். பேஸ்மென்ட்டில் இறங்கிப் பார்த்தால், எண்ணெயை எரிக்கும் பர்னர் மேல் இருக்கும் சாம்பல் நிறப் பெட்டியில் (அதுதான் அந்தப் பாதுகாப்புக் கண்ட்ரோல்) சிவப்புப் பொத்தான் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. ஒரு தடவை அமுக்கினேன். மோட்டார் உறுமியது, ஒரு நிமிடத்துக்குள் 'டக்' என்று நின்றது, பொத்தான் மறுபடி வெளியே வந்தது. அவருக்குப் போன் போட்டு "என்னங்க, இன்னொரு தடவை அமுக்கிப் பார்க்கவா?" என்று கேட்டேன். "வேண்டாம், விட்டுடு, காலையில ஆளைக் கூப்பிடலாம்" என்றார். அன்று அவர் அப்படிச் சொன்னதன் அருமை பின்னால்தான் தெரிந்தது.

காலையில் வந்தவர் தெரிந்தவர்கள் மூலமாகக் கிடைத்தவர். நன்றாகப் பேசினார், அக்கா அக்கா என்றுதான் கூப்பிட்டார். வந்ததும் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார், எண்ணெய் டாங்க்கில் இருக்கிறதா என்று கேட்டார், அப்புறம் அந்தச் சிவப்புப் பொத்தானை விடாமல் நான்கைந்து தடவை அமுக்கினார். ஒவ்வொரு தடவையும் மோட்டார் ஓடும், நிற்கும், உடனே அடுத்தது. ஐந்தாவது தடவையோ என்னவோ, 'டொம்' என்று ஒரு சத்தம். புகைக்குழாய் மூட்டிலிருந்து கரி தூசாக வெளியே பறந்தது. நான் பதறி இரண்டு படி ஏறிவிட்டேன். அவர் சாதாரணமாக "பார்த்தீங்களாக்கா, பத்திக்கிச்சு" என்றார். கண்ட்ரோல் பழசாகிவிட்டது, அதற்குப் பொறுமை இல்லை, சும்மா சும்மா நிறுத்துகிறது, புதுசு போட்டுவிடலாம் என்றார். சரி என்றேன். வண்டியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தார், குளிரில் எதற்கு நிற்கிறீர்கள், மேலே போங்கள் என்றார். அரைமணி நேரத்தில் பில் கொடுத்தார். சின்னத் தொகை இல்லை.

அந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போது தெரியும், அதனால் சொல்லிவிடுகிறேன். தெரிந்திருந்தால் அவர் இரண்டாவது தடவை அமுக்கும்போதே கையைப் பிடித்திருப்பேன். பம்ப் எண்ணெயை அழுத்தத்தோடு நாசில் வழியாகப் பனித்துளி போலத் தூவுகிறது, எலக்ட்ரோடுகளுக்கு நடுவில் பத்தாயிரம் வோல்ட்டோ அதற்கு மேலோ பாய்ந்து பொறி விழுகிறது, பற்றுகிறது. பற்றியதா இல்லையா என்று பார்க்க ஒரு கண் வைத்திருக்கிறார்கள். கேட் செல் என்பார்கள், காட்மியம் சல்ஃபைடு பூசிய சின்ன வில்லை. இருட்டில் அதன் மின்தடை லட்சக்கணக்கான ஓம்ஸ் இருக்கும், நெருப்பு வெளிச்சம் பட்டால் ஆயிரத்து அறுநூறுக்குக் கீழே, நல்ல நெருப்பு என்றால் சில நூறுக்கே இறங்கிவிடும். கண்ட்ரோல் இதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். குறித்த நேரத்துக்குள் நெருப்பு தெரியவில்லை என்றால் மோட்டாரை நிறுத்திப் பூட்டிவிடும். அந்த நேரம் மாடலைப் பொறுத்து 15, 30 அல்லது 45 விநாடி. இதற்கும் முந்தைய காலத்து ஃபர்னஸ்களில் புகைக்குழாய்க்குள் நீட்டியிருக்கும் ஒரு சுருள் தகடு சூட்டை வைத்துக் கண்டுபிடிக்கும், அது ஒரு நிமிடம் தாண்டியும் காத்திருக்கும். இன்றைய கண்ட்ரோல் சீக்கிரம் நிறுத்துகிறது என்றால் அது பொறுமை இல்லாததால் அல்ல, பற்றாத எண்ணெய் உள்ளே சேரக் கூடாது என்பதற்காகத்தான்.

எவ்வளவு சேரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு முக்கால் காலன் தூவும் நாசில் வீட்டு ஃபர்னஸ்களில் சாதாரணம். லிட்டரில் 2.8 சொச்சம். 45 விநாடிக்கு 35 மில்லி. ஐந்து தடவை அமுக்கினால் 175 மில்லி, ஒரு டம்ளர் எண்ணெய் நெருப்பு அறையின் அடியில் ஊறிக்கொண்டிருக்கும். நாசில் அடைத்திருந்தால் இதைவிடக் குறைவாக வரும், ஆனால் வரும். அப்புறம் எப்போது பற்றினாலும் அத்தனையும் சேர்ந்துதான் பற்றும். அந்த 'டொம்' அதுதான். இன்னும் கொஞ்சம் சேர்ந்திருந்தால் புகைக்குழாய் மூட்டே கழன்று, வீடு முழுக்கக் கரி அப்பியிருக்கும். ஒரு தடவை அமுக்கலாம், நின்றால் கையை எடுத்துவிட வேண்டும். புதிய கண்ட்ரோல்களில் சில, தொடர்ந்து மூன்று தடவை பூட்டிக்கொண்டால் அப்புறம் சாதாரணமாக அமுக்கினால் திறக்காது. வீட்டுக்காரர்கள் அமுக்கிக்கொண்டே இருப்பதைத் தடுக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். மூன்று நாள் கழித்து வேறு மாதிரி ஆரம்பித்தது. இந்தத் தடவை சிவப்புப் பொத்தான் வெளியே வரவில்லை. எரிந்துகொண்டிருக்கும்போதே பர்னர் நிற்கும், கொஞ்சம் ஆறியதும் தானாகவே மறுபடி பற்றும், வீடு நாம் வைத்த அளவுக்குச் சூடாவதற்கு முன்பே மறுபடி நிற்கும். அவரையே கூப்பிட்டோம். வந்தார், பக்கவாட்டில் இருக்கிற இன்னொரு பெட்டியின் மூடியைத் திறந்து ஏதோ செய்தார், பத்து நிமிடம் கூட ஆகவில்லை. "லிமிட்டை அட்ஜஸ்ட் பண்ணிருக்கேன், இனிமே நிக்காதுக்கா" என்றார். உண்மையில் நிற்கவில்லை. எங்களுக்கு மகிழ்ச்சியாகக் கூட இருந்தது.

இங்கே கவனியுங்கள். இந்த இரண்டு விதமான நிற்றலும் ஒன்றல்ல. சிவப்புப் பொத்தான் வெளியே வந்தால் 'நெருப்பு தெரியவில்லை' என்று அர்த்தம். தானாக நின்று, ஆறி, தானாகப் பற்றினால் பெரும்பாலும் 'அளவுக்கு மேல் சூடாகிறது' என்று அர்த்தம், அது லிமிட் ஸ்விட்ச் செய்யும் வேலை. காற்றைச் சூடாக்கி அனுப்பும் ஃபர்னஸில் ஊதுவிசிறி ஓடவில்லை என்றாலோ, ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ உள்ளே சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கும். சுமார் 93 டிகிரி செல்சியஸுக்கு, பழைய கணக்கில் 200 ஃபாரன்ஹீட்டுக்குப் பக்கத்தில் போகும்போது லிமிட் பர்னரை நிறுத்திவிடும். அது நிறுத்தாவிட்டால் நெருப்பையும் நாம் சுவாசிக்கும் காற்றையும் பிரித்து வைத்திருக்கும் உலோகச் சுவர் அளவுக்கு மீறி விரிந்து சுருங்கி, கடைசியில் விரிசல் விடும். விரிசல் விட்டால் எரிந்த புகை வீட்டுக் காற்றில் கலக்கும். அதில் கார்பன் மோனாக்சைடு இருந்தால் வாசனையும் தெரியாது, நிறமும் தெரியாது.

நாலைந்து நாள் போனதும் தூசி கருகுகிற மாதிரி ஒரு வாசனை வந்துகொண்டே இருந்தது. அத்தை சொன்னார், நான்தான் சீசன் ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டமாக இருக்கிறது. அவர் லிமிட்டில் கை வைத்துவிட்டுப் போன 11-ஆம் நாள் என் கணவர் துணி எடுக்கக் கீழே போனவர், ஃபர்னஸ் மேலே தகரக் குழாய் தொடங்கும் இடத்தில் ஒட்டியிருந்த டேப் பழுப்பாகிச் சுருண்டு தொங்குவதைப் பார்த்தார். கிட்டே கையைக் கொண்டுபோக முடியவில்லை. மேலே ஓடிவந்து, படிக்கட்டுத் தலைப்பில் சிவப்புத் தகடு போட்ட ஸ்விட்ச் இருக்கிறதே, அதை அணைத்தார். அந்த ஸ்விட்சை அங்கே வைத்திருப்பதே கீழே இறங்காமல் அணைக்கத்தான். உங்கள் வீட்டில் அது எங்கே இருக்கிறது என்று குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் காட்டி வையுங்கள்.

அடுத்து வந்தவர் வயதானவர், அதிகம் பேசவில்லை. கடைசியாக யார் வேலை செய்தது, என்ன செய்தார் என்று கேட்டுவிட்டு நேராக லிமிட் பெட்டியின் மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்து "இங்க வாங்கம்மா, நீங்களே பாருங்க" என்றார். விரல் நீளம் கூட இல்லாத ஒரு கறுப்பு ஒயர். இரண்டு நுனியிலும் பிளாஸ்டிக்கைப் பல்லால் கடித்து உரித்த மாதிரி ஒழுங்கில்லாமல் சீவி, இரண்டு திருகுகளிலும் சுற்றி முறுக்கியிருந்தது. செம்பு இன்னும் புதுசாகப் பளபளத்தது. பக்கத்தில் இருக்கும் கம்பெனி ஒயர்கள் எல்லாம் வயசாகி மங்கியிருக்க, இது மட்டும் தனியாகத் தெரிந்தது. (சில மாடல்களில் அந்தப் பெட்டிக்குள் பித்தளைத் தகடு ஒன்று கம்பெனியிலேயே வைத்து வரும், அது வேறு, அது இருக்க வேண்டியது. அதனால் நீங்களாகத் திறந்து எதையும் பிடுங்காதீர்கள், உள்ளே மெயின் மின்சாரமே இருக்கலாம்.)

அப்புறம் 'புதுசாக மாற்றிய' கண்ட்ரோலைப் பார்த்தோம். துடைத்துச் சுத்தமாக இருந்தது, அதனால்தான் நான் ஏமாந்தேன். ஆனால் இடது மூலையில் கடுகளவு நீலப் பெயிண்ட் பொட்டு. பேஸ்மென்ட் கதவுக்குப் பெயிண்ட் அடித்தபோது தெறித்தது, இரண்டு வருடத்துக்கு முன்னால். அதே பெட்டி. அட்டைப்பெட்டியில் அவர் கொண்டுவந்தது என்ன, திரும்பக் கொண்டுபோனது என்ன என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

உண்மையான கோளாறு என்ன தெரியுமா? எண்ணெய் ஃபில்டர் முழுக்கக் கறுப்புச் சகதி, நாசிலும் பாதி அடைப்பு. அதனால்தான் முதலில் பற்றவில்லை. ஏர் ஃபில்டரை உருவினால் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது, அதனால்தான் சூடு தேங்கி லிமிட் நிறுத்திக்கொண்டே இருந்தது. கண்ட்ரோல் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, லிமிட்டும் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. இரண்டும் எங்களைக் காப்பாற்றப் பார்த்தன, அவர் ஒன்றின் பேரில் பணம் வாங்கி, இன்னொன்றை ஒயரால் கட்டிப்போட்டுவிட்டார். ஏர் ஃபில்டரை நாங்கள் மாற்றாமல் விட்டது எங்கள் தப்பு, அதை மறைக்கவில்லை. ஆனால் இரண்டு தடவை வந்தவர் ஒரு தடவையாவது அதை உருவிப் பார்த்திருக்க வேண்டாமா?

பெரியவர் ஒயரைக் கழற்றி, ஃபில்டர்கள், நாசில் மாற்றி, கேட் செல்லில் படிந்த கரியை மெல்லிய துணியால் துடைத்து, நெருப்பு அறையில் மிச்சம் ஊறியிருந்ததைச் சுத்தம் செய்து, உலோகச் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்த்தார். நல்ல வேளை, இல்லை. ஆனால் கிளம்பிவிடவில்லை. எரிந்துகொண்டிருக்கும்போது எண்ணெய் வால்வைக் கையால் மூடினார். நெருப்பு அணைந்தது, வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றோம், சரியாகக் குறித்த நேரத்தில் கண்ட்ரோல் மோட்டாரை நிறுத்தியது. அடுத்து ஊதுவிசிறியின் ஒயரைக் கழற்றிவிட்டு, தெர்மாமீட்டரைச் செருகி, பர்னரை ஓடவிட்டு, லிமிட் எந்தச் சூட்டில் நிறுத்துகிறது என்று காட்டினார். கடைசியில் புகைக்குழாயிலிருந்து வெள்ளைத் தாள் வழியாகப் புகையை இழுத்து, தாளில் கறை விழவில்லை என்று காட்டினார். வால்வு மேல் இருக்கும் ஒரு சின்னப் பாகத்தையும் காட்டினார், 74 டிகிரியில் உருகி எண்ணெயைத் தானாக மூடிவிடுமாம், பக்கத்தில் தீப்பிடித்தால். அதிலும் யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று பார்த்தாராம். இத்தனைக்கும் முந்தையவர் அரைமணி நேரத்துக்கு வாங்கியதைவிடக் குறைவாகத்தான் வாங்கினார்.

முந்தையவருக்குப் போன் செய்தேன். ஒயரைப் பற்றிக் கேட்டதும் குரல் மாறியது. "நின்னா நிக்குதுன்னு கூப்பிடுறீங்க, நிக்காம பண்ணிக் கொடுத்தா அதுக்கும் குறை சொல்றீங்க" என்றார். நீலப் பொட்டு இருக்கிற போட்டோவை அனுப்பினேன், அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

அதனால், ஃபர்னஸ் வேலைக்கு ஆள் வந்தால் மேலே போய் உட்காராதீர்கள், நான் செய்த தப்பு அது. பக்கத்தில் நில்லுங்கள், வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், பாகத்தின் நம்பரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஏன் நின்றது என்று கேளுங்கள். 'சென்சார் ரொம்ப சென்சிட்டிவ்' என்பது பதில் இல்லை, எதைக் கண்டு அது நிறுத்தியது என்று அவர் சொல்ல வேண்டும். வால்வை மூடிக் காட்டுங்கள், லிமிட் வேலை செய்வதைக் காட்டுங்கள் என்று கேட்டால் தொழில் தெரிந்தவர் கோபப்பட மாட்டார். தூங்கும் அறைக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லை என்றால் இன்றே வாங்கி மாட்டுங்கள், எங்களிடம் ஒன்று இருந்தது, பேட்டரி தீர்ந்து இழுப்பறையில் கிடந்தது.

உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் ஒயர், போட்டோ, இரண்டு பில்கள் எல்லாம் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறோம். அத்தை இன்னும் இரவில் எழுந்து அறைக் குழாய் வாயில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார். புகாருக்குப் பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.