ஆள் ஓட்டா, சின்னத்தின் ஓட்டா? ராதாபுரத்தையும் நெல்லையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

வேட்பாளரின் முகத்துக்கு எவ்வளவு ஓட்டு, சின்னத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க, நெல்லைச் சீமையில் இரண்டு பேரின் கணக்கு போதும். ராதாபுரத்தில் மு. அப்பாவு, திருநெல்வேலியில் நயினார் நாகேந்திரன். இருவரும் சின்னத்தை மாற்றினார்கள்; சட்டமன்றத் தொகுதியை விடவில்லை.

அப்பாவு 1996-ல் த.மா.கா.வின் (தமிழ் மாநில காங்கிரஸ்) சைக்கிளில் ஜெயித்தார். அந்த வருஷம் மாநிலமே அந்தப் பக்கம் சாய்ந்ததால் அதை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை. 2001 அப்படியில்லை. அ.தி.மு.க. அணி வாரிக்கொண்டு போன அந்தத் தேர்தலில் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். மனு வாபஸ் முடிந்த பிறகுதான் சுயேச்சைக்குச் சின்னமே ஒதுக்குவார்கள். அதன் பிறகு கிடைக்கும் கொஞ்ச நாளில் பணகுடியிலிருந்து உவரி வரை அதை மனதில் பதிய வைப்பது லேசுப்பட்ட வேலையா? 2006-ல் உதயசூரியனில் மறுபடி ஜெயித்தார்.

நயினார் கணக்கு சிக்கலானது. இரட்டை இலையில் 2001, 2011 வெற்றி. 2006-ல் 606 ஓட்டில் தோல்வி, 2016-ல் 601 ஓட்டில் தோல்வி. 2016-ல் ஆட்சியைப் பிடித்ததே அவர் கட்சிதான், அதனால் பழியைக் காற்றின் மேல் போட முடியாது. 2021-ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தபோது இவர் தாமரையில் 23,107 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆள் ஓட்டு என்று சொல்லத் தோன்றும். ஆனால் இலைக்கட்சி அப்போது கூடவே நின்றது. 2024 மக்களவைத் தேர்தலில் அது தனியாகப் போனதும், காங்கிரஸின் ராபர்ட் புரூஸிடம் 1,65,620 ஓட்டில் தோற்றார். ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்த களம் என்பதால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். இருந்தாலும் ஆள் ஓட்டுக்குத் தெளிவான சாட்சி என்றால் எங்கள் கணக்கில் ராதாபுரம் 2001 ஒன்றுதான்.

ஆளும் சின்னமும் சேர்ந்தே நின்றும் கைநழுவியது ராதாபுரம் 2016. அ.தி.மு.க.வின் இன்பதுரையிடம் அப்பாவு 49 ஓட்டில் தோற்றார். சாவடிக்கு ஒரு ஓட்டுகூடத் தேறாது. சண்டை முழுக்க 203 தபால் ஓட்டைச் சுற்றி.

தபால் ஓட்டில் இரண்டு உறை உண்டு. உள்ளுறையில் வாக்குச்சீட்டு, வெளியுறையில் உள்ளுறையோடு 13ஏ உறுதிமொழிப் படிவம். எண்ணும் மேஜையில் முதலில் படிவத்தைத்தான் பார்ப்பார்கள். கையெழுத்து இல்லை, சான்றொப்பம் சரியில்லை, சீட்டின் வரிசை எண் உள்ளுறையில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை என்றால் உள்ளுறையைப் பிரிக்காமலே தள்ளிவிடுவார்கள். இங்கே தகராறு சான்றொப்பத்தில். கையெழுத்துப் போட்டவர் நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர். அவர் சான்றொப்பம் தரத் தகுதியுள்ள கெஜட்டட் (அரசிதழ் பதிவு பெற்ற) அதிகாரியா இல்லையா என்பதே கேள்வி.

தேர்தல் வழக்கை முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அப்பாவு போட்டார். 2019 அக்டோபரில்தான் தீர்ப்பு வந்தது: 203 தபால் ஓட்டையும், 19, 20, 21-ஆம் சுற்று இயந்திர ஓட்டுகளையும் மறுபடி எண்ணுங்கள் என்று. எண்ணியும் முடித்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அப்படியே சட்டமன்றத்தின் ஆயுளும் முடிந்துபோனது. 2021-ல் அப்பாவு 5,925 ஓட்டில் ஜெயித்து சபாநாயகர் ஆனார்.

இழுபறித் தொகுதி என்று தெரிந்தால், விவரமான ஏஜென்டைத் தபால் மேஜையில் உட்காரவைப்பதே சரி. பெரும்பாலும் அங்கே போவது, வேறு வேலை கொடுக்கத் தோன்றாத ஆள்தான்.