மெழுகு தேறியது, திரி தேறவில்லை: மெழுகுவத்திப் பெட்டி ஒன்றின் மதிப்பீடு

கடந்த தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு, வாசனை மெழுகுவத்தியை வீட்டிலேயே செய்து பார்க்கும் ஆசையில், சிங்கப்பூர் இணையக்கடை ஒன்றில் 48 வெள்ளி (டாலர்) கொடுத்துத் தொடக்கநிலைப் பெட்டி ஒன்றை வாங்கினேன். அரைக் கிலோ சோயா மெழுகுச் சீவல்கள், எட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள மூன்று கண்ணாடிக் குவளைகள், பருத்தித் திரிகள், மூக்கு வைத்த எஃகுப் பாத்திரம், வெப்பமானி, 30 கிராம் மல்லிகை நறுமண எண்ணெய் ஆகியவை அதில் இருந்தன. தராசு நம்முடையதாக இருக்க வேண்டும் என்பதைப் பெட்டியில் எங்கும் காணோம்.

மெழுகைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சோயா மெழுகு ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுவதால், அகன்ற சட்டியில் தண்ணீரைச் சூடாக்கி அதற்குள் எஃகுப் பாத்திரத்தை இறக்கி வைத்தாலே போதும். மெழுகை நேரடியாக அடுப்பில் ஏற்றக் கூடாது என்பதையும், தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும் என்பதையும் குறிப்புத்தாள் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் சொல்லியிருப்பது பாராட்டத்தக்கது. மீந்த மெழுகைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் அது குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும் என்ற எச்சரிக்கையையும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் இருப்போருக்காகவாவது, சேர்த்திருக்கலாம்.

வெப்பமானியைக் கொதிக்கும் நீரில் வைத்துச் சோதித்தபோது அது 96 காட்டியது. ஆகவே நான்கு டிகிரியை மனக்கணக்கில் கூட்டிக்கொண்டே வேலை செய்தேன். சுமார் 75 டிகிரியில் எண்ணெயைச் சேர்த்து இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்கி, 55 டிகிரிக்கு ஆறியதும் ஊற்றினேன். 500 கிராம் மெழுகுக்கு 30 கிராம் எண்ணெய் என்பது 6 விழுக்காடு. இந்த அளவு சரியானதே. வாசனை தூக்கலாக இருக்கட்டும் என்று இன்னொரு புட்டியையும் கவிழ்த்தால், மெழுகு தாங்காத எண்ணெய் மேற்பரப்பில் வியர்வைபோல் கசிந்து நிற்கும்.

குளிரூட்டிய அறையில் ஆறவைத்த குவளையில் மெழுகு கண்ணாடியை விட்டு விலகித் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. சமையலறை வெக்கையிலேயே விட்ட மற்ற இரண்டும் வழவழப்பாக உறைந்தன. நம் ஊர்ப் புழுக்கம் இதற்காவது உதவியது.

மறுநாளே ஏற்றலாம் என்கிறது குறிப்புத்தாள். அப்படி ஏற்றிய முதல் குவளையில் வாசனை பெயருக்குத்தான் இருந்தது. இரண்டு வாரம் மூடி வைத்திருந்து ஏற்றிய இரண்டாவது குவளையோ வரவேற்பறை முழுவதும் மணத்தது. சோயா மெழுகுக்கு இந்தக் காத்திருப்பு இன்றியமையாதது. ஆனால் அந்த மல்லிகை, தேக்கா வட்டாரத்தில் பூக்கட்டுவோரைக் கடக்கும்போது வரும் மணம் அன்று. சலவைத் தூளின் உறவினர் என்பேன்.

பெரிய குறை திரியில்தான் இருக்கிறது. எட்டு சென்டிமீட்டர் அகலக் குவளைக்குப் பெட்டியில் வந்த திரி மிகவும் மெல்லியது. முதல் முறை ஏற்றும்போதே உருகிய மெழுகு விளிம்புவரை பரவ வேண்டும். அதற்கு இந்த அகலத்துக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் பிடிக்கும். நான்கு மணி நேரம் எரியவிட்டும் நடுவில் மட்டும் கிணறு தோண்டியதுபோல் குழி விழுந்ததே தவிர, ஓரத்து மெழுகு அசையவில்லை. காற்றாடியை நிறுத்தியும், திரியை ஆறு மில்லிமீட்டராக நறுக்கியும் பயனில்லை. விற்பனையாளரிடம் கேட்டதற்கு, அடுத்த முறை சிறிய குவளை வாங்கும்படி பதில் வந்தது. தடித்த திரி கேட்டவருக்குக் குவளையை விற்கப் பார்க்கும் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது!

வேறொரு கடையில் ஆறு வெள்ளிக்குத் தடித்த திரிகள் வாங்கி, முதல் குவளையில் மிஞ்சிய மெழுகை உருக்கி மறுபடி ஊற்றினேன். மூன்று மணி நேரத்தில் மெழுகு விளிம்பைத் தொட்டது. அந்த ஆறு வெள்ளியையும் விலையோடு கூட்டிக்கொள்ளத் தயாராக இருப்பவர்கள் மட்டும் இந்தப் பெட்டியை வாங்கலாம்.