பழைய வீட்டு அடுப்படியில் புது வேலை: ஒரு வருடம் சமைத்த பிறகு எழுதும் விமர்சனம்

மாடுலர் கிச்சன் பற்றி வரும் விமர்சனங்களில் பெரும்பாலானவை வேலை முடிந்த வாரத்திலேயே எழுதப்படுபவை. அந்த வாரத்தில் எந்த அடுப்படியும் நன்றாகத்தான் இருக்கும். ஐப்பசி மழையில் சுவரில் ஓதம் ஏற வேண்டும். சித்திரைத் திருவிழாவுக்கு வந்து இறங்கும் சொந்தங்களுக்குப் பெரிய பாத்திரத்தில் பொங்கி இறக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று சொல்ல முடியும். எங்கள் அடுப்படி இதையெல்லாம் பார்த்துவிட்டது. அதனால் இப்போது எழுதுகிறேன்.

வேலை செய்தவர் மதுரை செல்லூர்ப் பக்கம் மரப்பட்டறை வைத்திருக்கும் ஓர் ஆசாரி. கொத்தனார், பிளம்பர், எலெக்ட்ரீஷியன் எல்லோரையும் அவரே கூட்டி வருவார். பட்டறைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஒருவர் வீட்டைப் பார்த்து இன்னொருவர் கூப்பிடுவதில்தான் அவருக்கு வேலை வருகிறது. எங்களுக்கு வயரிங் தவிர எல்லாம் சேர்த்து 3 லட்சத்து 20 ஆயிரம் ஆனது. இதில் புகைபோக்கியும் சிங்கும் அடக்கம்.

வீடு வடக்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. மாமனார் வழியில் வந்த வீடு. ஒன்றரை அடி கனத்தில் சுண்ணாம்புக் காரைச் சுவர், தேக்கு உத்தரம் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை, முற்றத்தை ஒட்டி அடுப்படி. விறகடுப்பு எரிந்த காலத்துப் புகைக்கூண்டு மேலே, பாத்திரம் கழுவும் அங்கணம் மூலையில். கேஸ் வந்தபோது கட்டிய கடப்பாக்கல் மேடை ஒரு பக்கம். அதைத் தவிர வேறு மேடை கிடையாது.

அந்த மேடை ஏன் வந்தது என்று யோசித்தால் நம் அடுப்படிகளின் கதையே புரியும். கேஸ் அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரத்தில்தான் இருக்க வேண்டும். சிலிண்டர் தரையில் நிற்கும்போது அடுப்பு மேலே ஏறியே ஆக வேண்டும். உட்கார்ந்து சமைத்த வீடுகளில் நின்று சமைக்க வைத்தது முக்கியமாக இதுதான். ஆனால் மேலே போனது அடுப்பு மட்டும். அரைப்பதும், அரிவதும், கழுவுவதும் தரையிலேயே தங்கிவிட்டன. வெங்காயம் அரிய அரிவாள்மனையில் உட்கார வேண்டும், தாளிக்க எழ வேண்டும், பாத்திரம் கழுவ மறுபடி அங்கணத்தில் உட்கார வேண்டும். என் அத்தையின் முழங்கால் போனதற்கு இந்த ஏற்ற இறக்கமும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். அப்புறம் மிக்ஸி வந்தது, கிரைண்டர் வந்தது. 2011ல் அரசே விலையில்லாமல் இரண்டையும் கொடுக்கத் தொடங்கிய பிறகு அம்மியும் ஆட்டுக்கல்லும் பெரும்பாலான வீடுகளில் கொல்லைக்குப் போய்விட்டன. சாமான்கள் மாறிக்கொண்டே இருந்தன. அடுப்படியின் அமைப்பு மட்டும் அப்படியே நின்றது.

முதலில் பைபாஸ் ரோட்டில் ஒரு பெரிய ஷோரூமுக்குத்தான் போனோம். கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டிய தம்பி மரியாதையாகப் பேசினார், பொறுமையாகப் பதில் சொன்னார். கேட்ட கேள்விகள்தான் எனக்கு உறுத்தின. என்ன கலர், லேமினேட்டா அக்ரிலிக்கா, கைப்பிடி வேண்டுமா வேண்டாமா என்பதோடு நின்றுவிட்டார். அடுப்பு, சிங்க், பிரிட்ஜ் மூன்றையும் முக்கோணமாக அமைத்திருப்பதாகச் சொன்னார். விலை 4 லட்சத்து 80 ஆயிரம். படத்தில் அங்கணம் இல்லை, கிரைண்டர் இல்லை, அத்தை உட்கார இடமும் இல்லை. சிங்க்கில் ஒரே ஒரு குழாய்.

மதுரைக்காரர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் உடனே புரியும். மாநகராட்சிக் குழாயில் வரும் நல்ல தண்ணீர் ஒன்று, போர்வெல்லில் வரும் உப்புத் தண்ணீர் ஒன்று. பருப்பு வேகவைக்க ஒன்று, பாத்திரம் கழுவ ஒன்று. ஒரு குழாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கட்டடக்கலை படிக்கும் என் அண்ணன் மகளிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். இன்றைய மாடுலர் கிச்சனின் மூலம் ஜெர்மனியில் இருக்கிறது என்று அவள் விளக்கினாள். 1926ல் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் வரைந்த சமையலறை அது. சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் இருக்கும் சமையலறையை முன்மாதிரியாக வைத்து, கை நீட்டும் தூரத்தில் எல்லாம் இருக்கும்படி அமைத்தாராம். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அதைப் போட்டார்கள். முக்கோணக் கணக்கு அதற்குப் பிந்தையது. 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வகுத்தது. மூன்று பக்கங்களும் சேர்த்து 13 அடிக்குக் குறையாமல், 26 அடிக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கு.

இரண்டும் நல்ல யோசனைகள்தான். ஆனால் இரண்டிலும் சமைப்பவர் ஒரே ஆள். எங்கள் வீட்டில் காலையில் நான் அடுப்பில் நிற்பேன், அத்தை காய் நறுக்குவார், வீட்டுக்காரர் தேங்காய் துருவுவார். இன்னொன்றையும் அவள் சொன்னாள். அந்த ஜெர்மன் சமையலறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்ய ஒரு சுழல் ஸ்டூலும் இருந்ததாம். அசலில் இருந்த இருக்கை நம் ஊர் ஷோரூமுக்கு வருவதற்குள் காணாமல் போயிருக்கிறது.

ஆசாரியிடம் நாங்கள் போனது அதற்குப் பிறகு. அவர் வந்தது காலை நேரத்தில், நான் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது. டேப்பை எடுக்கவே இல்லை. முற்றத்துத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் கேட்க ஆரம்பித்தார். “அக்கா, மாவு எத்தனை நாளைக்கு ஒருதடவை ஆட்டுறீங்க? வீட்ல இருக்குறதுலயே பெரிய பாத்திரம் எது, அதை எடுத்துட்டு வாங்க. அம்மா எங்க உக்காந்து காய் நறுக்குவாங்க?” அத்தை, “எனக்கு என்ன தம்பி, எங்கயாச்சும் ஓரமா உக்காந்துக்குவேன்” என்றார். “ஓரமா எதுக்கும்மா? இடம் போட்டே குடுத்துருவோம்” என்றார் அவர். வேலையை அவரிடம் கொடுப்பது என்று நான் முடிவு செய்தது அந்தப் பதிலில்தான்.

அளவு எடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஒரே சுவரைத் தரையில், இடுப்பு உயரத்தில், தலைக்கு மேலே என்று மூன்று இடத்தில் அளந்தார். மேலுக்கும் கீழுக்கும் ஒன்றேகால் அங்குலம் வித்தியாசம். காரைச் சுவர்கள் அப்படித்தான் இருக்கும். தொழிற்சாலையில் சதுரமாகச் செய்து வரும் பெட்டியை அதில் பொருத்தினால் பின்னால் சந்து விழும், அந்தச் சந்தில் கரப்பான் குடியேறும். மேல் அலமாரிகளையும் காரையில் ஆணி அடித்துத் தொங்கவிட மறுத்துவிட்டார். இரண்டு பக்கமும் கீழிருந்து எழுப்பிய கல் தாங்கலில் உட்கார வைத்தார்.

கீழ் அலமாரிகளுக்குப் பிளைவுட் பெட்டி போடவில்லை. ஓதம் ஏறும் பழைய சுவரில் பெட்டியின் முதுகுதான் முதலில் ஊதும், கரையானும் அங்கிருந்துதான் ஏறும். அதனால் கடப்பாக்கல்லை நிறுத்தித் தடுப்பு எழுப்பி, கதவும் இழுப்பறையும் மட்டும் மரவேலை. அதற்கு 710 என்று ஐஎஸ்ஐ முத்திரை குத்திய, தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட். பலகையை அறுக்கும் முன் முத்திரையை என்னிடம் காட்டினார். நீங்களும் கேட்டுப் பாருங்கள், அறுத்த பிறகு தெரியாது. கீல்கள் ஹெட்டிச் கம்பெனி. ஒரு மழைக்காலம் கடந்தும் ஒரு கதவுகூடத் தொங்கவில்லை.

மேடையின் உயரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. எனக்குப் பிடித்தது இதுதான். என்னை நிற்க வைத்து முழங்கையை மடக்கச் சொல்லி அளந்தார். நறுக்கவும் பிசையவும் 33 அங்குலம். அடுப்பு இருக்கும் இடம் 30 அங்குலம்தான், ஏனென்றால் அடுப்பும் அதன் மேல் வைக்கும் பாத்திரமும் சேர்ந்து உயரத்தைக் கூட்டிவிடும். பெரிய குக்கரில் சாம்பாரைக் கிளறும்போது இப்போது தோள் தூக்குவதில்லை. முற்றத்து வெளிச்சம் விழும் பக்கம் 17 அங்குல உயரத்தில் திண்ணை மாதிரி ஒரு கல் இருக்கை. அதன் முன்னால் இழுத்தால் வெளியே வரும் பலகை. அத்தை அதில் அமர்ந்து காய் நறுக்குகிறார், கீரை ஆய்கிறார், என் மகன் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டும் போகிறான்.

அங்கணத்தை எடுக்கவே இல்லை. பழைய குழியைச் சற்று மேலே தூக்கி, மூன்று பக்கம் அரையடிக் கரை கட்டி, கல் பதித்து, உப்புத் தண்ணீர்க் குழாய் வைத்துக் கொடுத்தார். இட்லிக் கொப்பரை எந்த சிங்க்கிலும் அடங்காது. அதற்குப் பக்கத்திலேயே கிரைண்டருக்கு இடம். மாவை வழித்த பிறகு கல்லைக் கழுவும் தண்ணீர் சரிந்து நேராக அங்கணத்துக்குப் போய்விடும். கிரைண்டரைத் தூக்கவும் வேண்டாம், தரையைத் துடைக்கவும் வேண்டாம். வாரத்தில் இரண்டு தடவை மாவு ஆட்டும் வீட்டில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது ஆட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

புகைபோக்கிக் குழாய்க்காகச் சுவரைக் குடையாமல் பழைய புகைக்கூண்டு வழியாகவே மேலே ஏற்றிவிட்டார்கள். வளைவு ஒன்றுதான். குழாயில் வளைவு கூடக் கூட இழுவை குறையும் என்பதால் இது பெரிய லாபம். மிளகாய் வற்றல் வறுத்தால் முன்பெல்லாம் கூடத்தில் இருப்பவர்களும் இருமுவார்கள். இப்போது அந்தத் தொந்தரவு இல்லை.

மேடைக்குக் கறுப்புக் கிரானைட். மேலூர்ப் பக்கத்து வெள்ளைக் கல்லையும் பார்த்தேன். பார்க்க அழகுதான், ஆனால் மஞ்சளும் எண்ணெயும் உள்ளே இறங்கிவிடும். குவார்ட்ஸ் என்ற செயற்கைக் கல்லில் ரெசின் பிசின் கலந்திருப்பதால் காய்ந்த கடாயை நேராக வைத்தால் தடம் விழும். கறுப்பில் உப்புத் தண்ணீரின் வெள்ளைத் திட்டு தெரியும். அதற்கு எலுமிச்சைத் தோல் போதும்.

சரி, குறைகள். ஆசாரி கூட்டி வந்த டைல்ஸ்காரர் சிங்க் பக்கத் தரைக்கு வாட்டம் சரியாகக் கொடுக்கவில்லை. தண்ணீர் தேங்கியது. இரண்டாம் முறை பெயர்த்துப் போட வைத்தோம், காசு கேட்கவில்லை. ஒரு கடையில் துருப்பிடிக்காத 304 ரக எஃகு என்று சொல்லி விற்ற கம்பிக் கூடைகள் சில மாதத்திலேயே துருப்பிடித்தன. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஃகு என்று கடைகளில் சொல்வார்கள். மட்டமான 202ம் காந்தத்தில் ஒட்டாது, அதனால் அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். கூடைகளைக் கழற்றிவிட்டு மர இழுப்பறை செய்து கொடுத்தார் ஆசாரி, பலகை விலை மட்டும் வாங்கிக்கொண்டார்.

பெரிய குறை நேரம்தான். ஒரு மாதம் என்றார். கல்யாண சீசன் கட்டில் பீரோ வேலைகள் வந்ததும் ஆளைக் காணவில்லை. ஏறக்குறைய இரண்டு மடங்கு நாள் ஆனது. அதுவரை கூடத்தில் ஒற்றை அடுப்பை வைத்துச் சமைத்தோம். காரை உடைக்கும் தூசி வீடு முழுக்கப் படியும், அதையும் அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை. வரைபடம் என்று காகிதத்தில் எதுவும் தர மாட்டார், சுவரில் சாக்பீஸால் போட்டுக் காட்டுவதுதான். எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், வாரண்டி கார்டு வேண்டும் என்பவர்களுக்கு இவர் ஒத்து வர மாட்டார். கே.கே. நகர், அண்ணா நகர்ப் பக்கம் புது அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு நேரான சுவரும் ஓதமில்லாத தரையும் இருக்கிறது. அவர்கள் ஷோரூமிலேயே போட்டுக்கொள்ளலாம், நாளும் மிச்சம்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று தாமதத்துக்கு. மாசி வீதிகள், சிம்மக்கல் மாதிரி பழைய பகுதிகளில் காரை வீடு வைத்திருப்பவர்கள் இவரைப் போன்ற ஆளைத் தேடிப் பிடிப்பது நல்லது. வருகிறவர் உங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர் வருவதைக் கேட்கிறாரா, கிரைண்டரைக் கேட்கிறாரா, வயதானவர்கள் எங்கே உட்காருவார்கள் என்று கேட்கிறாரா என்று கவனியுங்கள். பணத்தை நாலு தவணையாகப் பிரித்து, கடைசித் தவணையை இழுப்பறைகள் ஓடுவதைப் பார்த்த பிறகு கொடுங்கள். பழைய வயரிங் இருந்தால் அடுப்படிக்குத் தனி சர்க்யூட்டும் 4 சதுர மில்லிமீட்டர் வயரும் இழுக்கச் சொல்லுங்கள். கிரைண்டரும் இண்டக்ஷன் அடுப்பும் ஒன்றாக ஓடும்போது பழைய வயர் சூடாகும். எங்களுக்கு அதற்கு மட்டும் 14 ஆயிரம் தனியாக ஆனது, மேலே சொன்ன தொகையில் அது சேரவில்லை.