316எல் மேலிருக்கும் படலம்: ஆர்கானால் அரிப்பதா, சாய்த்துப் பார்ப்பதா?

316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காக்கும் ஆக்சைடு படலம் பெரும்பாலும் 1 முதல் 3 நானோமீட்டர்தான். எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, வெளிவரும் எக்ஸ் கதிரால் தனிமங்களை அறியும் இடிஎக்ஸ் இங்கே உதவாது. 15 கிலோவோல்ட்டில் அது ஏறக்குறைய ஒரு மைக்ரான் ஆழத்துக்கு இறங்கி, அடியிலுள்ள உலோகத்தின் கணக்கையே சொல்லும். ஆகவே எக்ஸ்பிஎஸ்: எக்ஸ் கதிர் பட்டு மேற்பரப்பிலிருந்து வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை வைத்துத் தனிமத்தையும் அதன் வேதி நிலையையும் சொல்லும் முறை. படலத்தின் உள்ளடுக்கை எட்ட அதில் இரண்டு வழி உண்டு.

ஆர்கான் அயனியால் அரித்துக்கொண்டே அளந்தால் அழகான ஆழ வரைபடம் சீக்கிரம் கிடைக்கும். சிக்கலே அந்த அழகில்தான். அயனி மோதும்போது லேசான ஆக்சிஜன்தான் முதலில் கழன்றுபோகிறது. பிணைப்பு ஆற்றல் அச்சில் 711 எலக்ட்ரான்வோல்ட் அருகே நின்ற ஃபெரிக் (Fe³⁺) இரும்பின் முகடு, ஃபெரஸுக்கு (Fe²⁺) உரிய 709 பக்கம் சரியும். மாலிப்டினத்தின் 232.5 முகடு தேய்ந்து 229–230-இல் புதிதாக ஒன்று முளைக்கும். குரோமியம் மட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். இதைப் பார்த்து ‘உள்ளே ஃபெரஸ் அடுக்கு’ என்று எழுதினால், அது படலத்தில் இருந்ததா, அயனி உண்டாக்கியதா என்று அந்தத் தரவை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. ஆழ அச்சும் அப்படித்தான்: அளவுகோலாக வைக்கும் டான்டலம் ஆக்சைடில் அளந்த அரிப்பு வேகம் குரோமியம் ஆக்சைடுக்குப் பொருந்தாது.

இன்னொரு வழி, மாதிரியைச் சாய்த்து எலக்ட்ரான்களைச் சரிவான கோணத்தில் வாங்குவது. சாய்த்துப் பார்ப்பதில் வேதியியல் கெடாது. என் ஓட்டு இதற்கே. செங்குத்திலிருந்து 0, 30, 45, 60 பாகை போதும். 60-இல் பார்க்கும் ஆழம் பாதியாகிவிடும். அதைத் தாண்டினால் மீள் சிதறல் (ஆற்றல் இழக்காமல் எலக்ட்ரான் திசை மாறுவது) கணக்கைக் குலைக்கும். சாய்க்கச் சாய்க்க ஆக்சிஜனின் 531.8 முகடு ஆக்சைடின் 530.2-ஐவிட ஓங்கினால் ஹைட்ராக்சைடு வெளியே இருக்கிறது என்று பொருள். கார்பன் அழுக்கின் ஆக்சிஜனும் அதே இடத்தில்தான் விழும், அதைக் கழித்துவிட்டுச் சொல்ல வேண்டும். மாதிரியை வைரப் பசையில் 1 மைக்ரான் வரையாவது மெருகேற்றாவிட்டால் கீறல்களின் நிழலே முடிவைத் தீர்மானிக்கும். சில மென்பொருள்கள் கோணத்தைப் பரப்பிலிருந்து அளக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரு வழியிலும் ஒரு பொறி: எக்ஸ் கதிர் மூலத்தில் அலுமினிய ஆனோடு இருந்தால், நிக்கலின் ஆஜே முகடு (கூடவே வெளிவரும் வேறுவகை எலக்ட்ரான்களின் முகடு) 712 அருகே, இரும்பின் மேலேயே விழும். படலத்துக்கு அடியில் நிக்கல் செறிந்திருப்பதால் இதை ஒதுக்க முடியாது. பொருத்தத்தில் அதையும் சேர்க்க வேண்டும், அல்லது மக்னீசியம் ஆனோடுக்கு மாற வேண்டும்.

படலம் 6 நானோமீட்டரைத் தாண்டினால் சாய்ப்பது கைகொடுக்காது, ஆர்கான்தான். அப்போதும் 500 எலக்ட்ரான்வோல்ட்டில், கோண அளவீடுகளை முடித்த பிறகே அயனித் துப்பாக்கியைத் திறக்க வேண்டும்.